பக்கம் பதினேழு

பள்ளியாடி ரயிலடிக்கு மேற்கே
தகரக்கூரை நாலு, புகைக்குழல் ஒன்று.
ஊருக்கு அது அண்டியாபீஸ்.
நான் எழுதும் ஆண்டறிக்கையில்
‘வளங்குன்றா வாழ்வின் பங்காளி’.

ஏழாம் பக்கம்: கழிவே இல்லை.
இது பொய்யில்லை.
தோடு அடுப்புக்கு,
தோட்டின் எண்ணெய் பெயின்ட் கம்பெனிக்கு,
அடுப்புச் சாம்பல் வாழைமூட்டுக்கு.
ஆப்பிரிக்காவிலிருந்து அண்டி வந்த சாக்கு
கருங்கல் சந்தையில் சேனைக்கிழங்கு சுமக்கிறது.

பத்தாம் பக்கம்: பஞ்சாயத்துக்குக் கொடுத்த தண்ணீர்த்தொட்டி.
தொட்டியைவிடக் கம்பெனிப் பெயர் அகலம்.
ஆனாலும் தண்ணீர் வருகிறது,
பங்குனியில்கூட வந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.

பதினேழாம் பக்கத்தில்தான்
என் விசைப்பலகை நின்றது.

போன வருஷம் ஜெர்மனிக்காரர் கேட்டிருந்தார்:
யார் உடைக்கிறார்கள், எத்தனை பேர்,
கூலி ஒழுங்காகப் போகிறதா, காட்டுங்கள்.
நியாயமான கேள்வி.
முதலாளி வாசலில் விரல்ரேகை மிஷின் வைத்தார்.
நூற்றியெண்பது பெண்கள் வரிசையில்.
புதிதாக வந்தவர்களுக்குப் பச்சை விளக்கு.
இருபது வருஷம் அண்டி தல்லினவர்களுக்கு
‘மீண்டும் முயற்சிக்கவும்’.

அண்டிப்பால் தின்ற விரல்கள்.
சாம்பல் தேய்த்தும்
தேங்காயெண்ணெய் தடவியும்
தின்றது தின்றதுதான்.
றெத்தினபாய் பெருவிரலைச் சேலையில் துடைத்து வைத்தாள்,
நாக்கில் தொட்டு வைத்தாள்,
இடக்கையை வைத்தாள்.
ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்றாள்.
பிறகு என்னைப் பார்த்து:
“ரேகைய எல்லாம் கிலோ கணக்குல
ஒங்க கம்பெனிக்கே தந்தாச்சு மக்ளே.”
வரிசை சிரித்தது.
மேனேஜரும் சிரித்தார்.
கண்ணைப் பார்க்கிற மிஷின் இருக்கிறதாம்,
அடுத்த பட்ஜெட்டில் வாங்கலாமாம்.

அறுபத்திரண்டு பேருக்கு ஒரு நீள நோட்டு.
கூலி ஒரு பைசா குறையவில்லை,
சனிக்கிழமை கவர் சனிக்கிழமையே வந்தது.
மிஷின் மட்டும்
நூற்றிப் பதினெட்டோடு எண்ணி நிறுத்திக்கொண்டது.
கம்ப்யூட்டர் மொத்தப் பருப்பை எடுத்து
நூற்றிப் பதினெட்டால் வகுத்தது.
உற்பத்தித்திறன் ஒரே வருஷத்தில்
ஐம்பத்திரண்டு சதவீதம் கூடியது.
கூடியது என்று டைப் செய்தது நான்தான்.

ஜெர்மனியிலிருந்து பாராட்டு மெயில்.
முதலாளி மகிழ்ந்துபோய் லட்டு வரவழைத்தார்,
நூற்றியெண்பது லட்டு.
லட்டுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

அன்று இரவு ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்.
‘ரேகை தேய்ந்த அறுபத்திரண்டு தொழிலாளர்
இந்தக் கணக்கில் வரவில்லை.’
சென்னையில் பக்கம் வடிவமைப்பவர்
எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது,
கண்ணை உறுத்துகிறது என்று
எடுத்துவிட்டார்.
அந்த இடத்தில் ஒரு படம்:
உள்ளங்கை நிறைய வெள்ளைப் பருப்பு,
ஒன்றுகூட உடையாத முழுசு,
ஏந்திய விரல்களில் ஒரு கறை இல்லை.
யாருடைய கை என்று
போன் செய்து கேட்டேன்.
விலைக்கு வாங்கிய படம் என்றார்.

மணி ஆறு.
மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
எனக்கு முன்னால் றெத்தினபாய்
நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்,
குனிந்து, அவசரமில்லாமல்,
றகரத்தின் கடைசி வளைவுவரை.
அவள் நகர்ந்ததும்
நான் மிஷினில் விரலை வைத்தேன்.
முதல் தடவையிலேயே
நன்றி என்றது.