எட்டு

பின்வாசலிலிருந்து மருதாணிச் செடி வரைக்கும்
வேதாளை மணல்.
பதினோரு மணிக்கு மேல் அது மணல் இல்லை,
வறுசட்டி.
என் இடது கால் புதைந்தால்
வலது கால் நின்று காத்திருக்க வேண்டும்.
இரண்டுக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம்.

கல் போடலாம் என்றேன்.
இந்தக் கரையில் கல்லுக்கு எங்கே போவது?
தோண்டினால் சிப்பி,
இன்னும் தோண்டினால் உப்புத் தண்ணீர்.

சுல்தான்பீவி வீட்டை இடித்த இடத்தில்
பழைய பவளக்கல் கிடந்தது, சுண்ணாம்பு ஒட்டியபடி.
ஒன்றை எடுத்து உள்ளங்காலில் தேய்த்தேன்.
கடலின் பல் இன்னும் விழவில்லை அதில்.
கடப்பாக்கல், நனைந்தால் விலாங்கு.
டைல்ஸ் துண்டு பதிக்கலாமே என்றார் ஒருவர்.
அவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்தேன்.

கடைசியில்
உச்சிப்புளிப் பக்கம் சாலை அகலமானபோது
ஓரம் தள்ளிய கருங்கல்.
லோடு ஆட்டோவில் வந்திறங்கியது.
கூட்டத்தோடு, இடுப்பொடிந்த மைல்கல் ஒன்றும்:
மண்டபம் 11.

நைனா, வள்ளத்தில் கால் அகட்டி நின்று பழகியவர்.
வாசலிலிருந்து நடந்தே அளந்தார்.
எட்டுக்கு ஒரு கல், எட்டு எட்டு, எட்டுக் கல்.
கணக்கு அழகாகத்தான் இருந்தது.
சாயங்காலம் ஏறிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றுக்கும் தாவ வேண்டியிருந்தது.
தாவினேன்.
மருதாணிக்குள் போய் விழுந்தேன்.
முதலில் சிரித்தது நான்தான்.
அவர் சிரிக்கவில்லை,
கடப்பாரை எடுக்கப் போனார்.

மறுநாள் மணலை நனைத்துவிட்டு
நீ நட என்றார்.
நடந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
நீளம், குட்டை, நீளம், குட்டை.
நாற்பத்தொரு வயதில்தான் பார்க்கிறேன் என் தடத்தை.
கடற்கரையில் அலை அவ்வளவு நேரம் தருவதில்லை.

தடத்துக்கு ஒரு குழி,
குழிக்கு ஒரு கை சிப்பித்தூள்,
மேலே கல், கல்லின் மேல் நான்,
ஆடுகிறதா என்று அவர்.
பதினொன்று வேண்டியிருந்தது.
மைல்கல்லையும் சேர்த்துக்கொண்டோம்.
எழுத்து மேலே இருக்கட்டும் என்றேன்.
அதனால் எங்கள் தோட்டத்தில்
எட்டாவது அடியில் எப்போதும்
மண்டபத்துக்குப் பதினொரு கிலோமீட்டர்.
நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை.

மருதாணியைத் தாண்டினால் படல்,
படலைத் தாண்டினால் கடல்.
பின்னிரவு மூன்று மணிக்கு
டார்ச் இல்லாமல் அவர் போகிறார்.
படுத்தபடி கேட்கிறேன்.
கல்லை விட்டால் நெருஞ்சி,
வேறு வழியில்லை அவருக்கு.
நீளம், குட்டை.
நீளம், குட்டை.
என் காலால் ஒரு ஆள்
இருட்டில் வேலைக்குப் போகிறார்.

ஐந்தாவது கல்லில் ஒரு வசவு கேட்கும்.
அது இன்னும் ஆடுகிறது.