தாழிலார் சபை, பதினான்காம் பக்கம்

தாழிலார் என்று பெயர் வைத்தது நான்தான்.
பால்பண்ணை ஆய்வகத்தின் இரவு முறைகளில்
கொழுப்பு விகிதம் குறித்த கையோடு
கட்டம் போட்ட நோட்டில்
ஒரு வீரசபையின் நானூறு வருடத்தை எழுதினேன்.

வடக்குக் கணவாயில் அவர்கள் கோட்டை.
கதவு உண்டு, தாழ் கிடையாது.
முதல் தலைவி எஸ்மரேன் முற்றுகை நாளில்
இரும்புத் தாழை உருக்கி
கஞ்சி துழாவும் கரண்டியாக்கிவிட்டாள்.
சபையில் சேர வருபவன்
வாளைத் தொடுமுன் அந்தக் கரண்டியைத் தொட வேண்டும்.

சத்தியம் மூன்று.
தட்டியவரைத் திருப்பாதே.
பெயர் கேட்குமுன் பசியாற்று.
பொய் சொல்லாதே, பகைவனிடமும்.
காத்தவனுக்கு உள்ளங்கையில் வெளிச்சம் ஊறும்,
காயம் ஆற்றலாம், பேயைத் துரத்தலாம்.
தவறினால் அது வற்றும்,
வாள் தன் உண்மையான எடைக்குத் திரும்பும்.

(வேறு சபைகளும் உண்டு.
கழுகுச் சபையார் கவசத்துக்கு எண்ணெய் போட்டே
ஆயுளைக் கழிப்பவர்கள்.
சாம்பல் சபை பற்றிக் கிர்ட்ஸ் கேட்டால்
இன்னும் எழுதவில்லை என்பேன்.)

வெள்ளிதோறும் க்ராஸ்லவாவில்
என் சமையலறை மேசையைச் சுற்றி நால்வர்.
உல்டிஸுக்கு எல்லைக் காவலில் எட்டாவது வருடம்.
ஆறு வருடமாக அவன்தான் ஆர்வேன்,
தாழிலாரின் வீரன்,
ஒருமுறைகூடக் கதவை மூடியதில்லை.

பனிப்புயல், நள்ளிரவு, என்று தொடங்கினேன் அன்று.
கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.
உருட்டு.
இருபது முகப் பகடையை அவன் தொடவில்லை.
"ஆர்வேனுக்கு வெளிச்சம் போய்விட்டது, விஸ்மா."
எப்போது?
"செவ்வாய்க்கிழமை."
செவ்வாயன்று நாம் விளையாடவில்லையே, என்றாள் லூத்ஸியா.
"தெரியும்."

குள்ளர்களின் அரசனான கிர்ட்ஸ்
வாயிலிருந்த மீன் ரொட்டியை மெல்ல மறந்தான்.
ஜன்னலுக்கு அப்பால், ஆற்றுக்கும் அப்பால்,
முள்கம்பி ஓடும் காடு.
எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
அவனே கையை மேசைமேல் விரித்து வைத்தான். ஐந்து.
பிறகு சுண்டுவிரலை மட்டும்
பாதி மடக்கினான்.

"திங்களன்று மறுபடி பணி," என்றான்.
"உன் நோட்டில் பார்.
விழுந்தவனை என்ன செய்வார்கள்?"

எழுதியிருக்கவில்லை.
ஆறு வருடத்தில் யார் விழுந்தார்கள், எழுதுவதற்கு?
புரட்டினேன்.
பதினான்காம் பக்கத்தில் எரிவாயு பாக்கி,
ஒரு பல் மருத்துவரின் எண்.
அதைப் பார்த்தபடியே வாசித்தேன்:

விழுந்தவனைச் சபை துரத்தாது.
துரத்தினால் அதுவும் தாழ் போட்டதாகிவிடும்.
கவசம் கழற்றி அவன் வாசற்படியில் படுப்பான்.
இரவில் வருபவர் அவனை மிதித்துத்தான் உள்ளே வர முடியும்.
மிதிபட்டதும் எழுந்து கஞ்சி வைப்பான்.
எத்தனை வருடம் என்று குறிப்பில்லை.
வெளிச்சம் திரும்புமா என்றும்.

மூன்றாம் சத்தியம் என் வாயில் உடைந்தது.
என் உள்ளங்கையை யாரும் பார்க்கவில்லை.

நோட்டை அவன் வாங்கிப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.
தன் வீரனின் தாளில் 'ஒளி' என்ற கட்டத்தை
ரப்பரால் தேய்த்தான், தேய்த்தான்,
ஓட்டை விழும்வரை.
வாளுக்கு நேரே எடை எழுதினான்.
அப்புறம் தலை நிமிராமல்,
"தட்டினார்களே, இன்னும் நிற்கிறார்களா?"

நிற்கிறார்கள்.

"ஆர்வேன் படியில் படுத்திருக்கிறான்.
மிதிக்கச் சொல்."

எத்தனை பேர், என்றாள் லூத்ஸியா,
கணக்குக்காக, பென்சிலை எடுத்து.

ஐந்து, என்றேன்.
முழுதாக ஐந்து.