முப்பத்தேழு

உள்ளரங்கின் கதவில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள்,
இரண்டு மூலைக்கு மட்டும் டேப்.
மழைக்காற்று எங்கள் பெயரைக் காட்டியது,
மறைத்தது, மறுபடி காட்டியது,
மூன்றாம் இடத்திலேயே.

எட்டுக் கழகங்கள். ஆளுக்கு ஏழு ஆட்டம்.
வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று.
ஆசியக் கழகப் போட்டியில்
நாட்டுக்குக் கிடைத்த நாற்காலி இரண்டு.
முதலாவதில் யார் உட்காருவார்கள் என்று
வைகாசியிலேயே தெரிந்துவிட்டது.
இரண்டாவதற்கு நாங்கள், இல்லாவிட்டால் நாரஹேன்பிட்டிக்காரிகள்.
அவர்களுக்குப் பதினொரு புள்ளி. எங்களுக்கும் பதினொன்று.
நேருக்கு நேர் மோதிய அன்று
இருபத்துநாலுக்கு இருபத்துநாலு.
ஆகவே விதியின் அடுத்த வரி:
அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழி.
அவர்களுக்கு முப்பத்தெட்டு.

எங்களுக்கு எத்தனை என்று
தலைப்பிலேயே எழுதிவிட்டேன்.

அதுவும் சமமாகியிருந்தால்
அதற்கடுத்த வரி, அதிகம் அடித்தவர் யார்.
அது நாங்கள்தான். நாலு கோல் கூட.
அந்த வரிக்கு யாரும் போய்ச் சேரவில்லை.

தேத்தண்ணிக் கடை வாங்கில்
ஆளாளுக்கு அந்த ஒரு கோலைத் தேடினோம்.
என்னுடையது, கம்பத்தில் பட்ட ஏழு மீற்றர், என்றாள் மிரோஷினி.
என்னுடையது, கோட்டை மிதித்தேனே, என்றாள் சிஹாரா.
உதேனி ஒன்றும் சொல்லாமல்
விரல் இடுக்கில் காய்ந்த பிசினை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
தோற்ற கோலுக்கு இத்தனை உரிமைக்காரிகள்.
நான் மட்டும் வாய் திறக்கவில்லை.
கோல் காப்பவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

என்னுடையது ஆனி மாதத்து ஞாயிறு.
கடைசி இடத்து மட்டக்குளி அணி.
முப்பத்தொன்றுக்குப் பதினொன்று,
ஐம்பத்தொன்பதாவது நிமிடம்.
பதினேழாம் இலக்கக்காரி, சட்டை பெரிசு,
இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள்.
சீசன் முழுக்க ஒன்றும் அடிக்காதவள்
என்று யாரோ வாங்கிலிருந்து சொன்னது காதில் விழுந்திருந்தது.
எறிந்தாள். இடது மூலை, தாழ.
என் இடது கால் அந்த இடத்திலேயே நின்றது.

முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு.
அவள் துள்ளவில்லை.
தன் கையைத்தான் பார்த்தாள்,
வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்தவள் போல.

கெய்சர் வீதியில் பொத்தான் மொத்தக் கடையில் வேலை எனக்கு.
ஒரு குரோஸ் நூற்று நாற்பத்துநாலு.
ஒன்று குறைந்தால் எந்தத் தையல்காரரும்
திரும்பி வந்ததில்லை.
"நெட்போல் முடிஞ்சுதா பிள்ள?" என்றார் முதலாளி.
முடிஞ்சுது என்றேன். விளையாட்டின் பெயரை
இந்த முறை திருத்தவில்லை.

ஆவணியில் கோட்டை ஸ்டேஷன் வாசலில்
நாரஹேன்பிட்டிக்காரிகள் உண்டியல் குலுக்கினார்கள்:
இடம் கிடைத்தது, டிக்கெட்டுக்குக் காசில்லை.
நூறு ரூபாய் போட்டேன்.
அவர்களின் கீப்பர் என்னை அடையாளம் கண்டு
உண்டியலை ஒரு நொடி
பின்னால் இழுத்துக்கொண்டாள்.
பிறகு இருவரும் சிரித்தோம், கொஞ்சம் பிந்தி.

நேற்று நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில்
மருதானையில் ஏறினாள் பதினேழு.
"அக்கா, நீங்கதானே அந்த கீப்பர்?
உங்களுக்குத்தான் அடிச்சேன். சீசன்லயே அது ஒண்டுதான்."
சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்,
ஏதோ அடிபட்டவளைப் போல.

"எந்தப் பக்கம் வருமெண்டு நெனச்சீங்க?"
வலது, என்றேன்.
பொய்யை இவ்வளவு சுலபமாக
நான் எறிந்ததில்லை.

"அதான்," என்றாள்.
"கண்ணால வலதப் பாத்தன். கையால இடது.
ரெண்டு மாசம் சுவத்துக்கு எறிஞ்சு பழகினது."

பஸ் ஆர்மர் வீதியில் திரும்பியது.
கம்பியைப் பிடித்தபடி
என் இடது காலைப் பார்த்தேன்.
விட்டுக்கொடுத்ததா, விழுந்துவிட்டதா?
அது பிரேக்குக்கெல்லாம் சரியாக ஊன்றிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் வந்தது
மட்டக்குளி வரைக்கும்,
நான் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டி.