நாற்பத்தொரு கதியால்

உரும்பிராயில் வேலிகளைப் பிடுங்கிய வருடம்
எனக்கு வேலை கிடைத்தது.
பார்வைத் திணைக்களம். மூன்றாம் தர எண்ணுநர்.
ஒரு சைக்கிள், ஒரு மழைக்கோட்டு,
காதுக்குள் ஓயாத ஒரு குரல்.

கிடுகு, தகரம், பனைமட்டை, மதில்.
நாங்கள் எண்ணி எழுத,
அவர்கள் ஏற்றிப் போனார்கள்.
பிறகு கிணற்றடியில் நின்றால்
ஏழு வளவு தாண்டி எட்டாம் வளவில்
ஒருவர் பல் தீட்டுவது தெரிந்தது.
ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு
மறைப்பு எதற்கு என்று கேட்டது சுற்றறிக்கை.

நியாயம் போலத்தான் இருந்தது.
வேலியால் நாங்கள் பட்டது கொஞ்சமா?
இரவோடிரவாக ஒரு விரற்கடை நகர்த்தி
அந்த விரற்கடைக்காக முப்பது வருடம் கோடேறி
செத்தவீட்டுக்கும் போகாமல் விட்ட சனம்.
யாரை உள்ளே கூப்பிடுவது,
யாரைப் படலையோடு நிறுத்துவது,
அதையும் வேலிதான் சொல்லித் தந்தது.
பிடுங்கியபோது சிலர் கைதட்டினோம்.
நானும்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள்
யோகவதனியின் வளவில் ஒரு தடி நின்றது.
கிளுவை. நெஞ்சளவு உயரம்.
பழைய வேலித் தடத்தில், கொஞ்சம் சரிந்து.
படம் எடுத்தேன். பிடுங்கினேன்.
இலக்கம் ஒன்று என்று அட்டை கட்டினேன்.

அடுத்த நாள் அதே குழியில் இன்னொன்று.
அதற்கடுத்த நாளும்.
இரும்புத் தும்பிகள் கூரைக்கு மேல் நின்று இரைந்தன.
அவற்றை நிமிர்ந்தும் பாராமல்
அலவாங்கால் குத்தி, நட்டு,
குதிக்காலால் மண்ணை இறுக்கிவிட்டு
பாங்குக்கு வேலைக்குப் போனாள்.

விசாரணையில் காரணம் கேட்டார்கள்.
கோப்பில் ஒரு சொல்தான் இருக்கிறது:
"குளிக்க."

ஒரு தடி எதை மறைக்கும் என்று
மேலதிகாரி சிரித்தார்.
பிறகு சிரிப்பதை நிறுத்தி
பக்கத்து வளவுப் பேரம்பலத்தைக் கூப்பிட்டார்.
பதினொரு வருடம் அவளோடு வழக்காடியவர்,
அந்த எல்லைக்காகவே
ஒரு பரப்புத் தோட்டத்தை விற்றவர்.
தடி நின்றது யாருடைய காணி?
கிழவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு
நெடுநேரம் நிலத்தைப் பார்த்தார்.
"என்ர காணி.
நான்தான் நடச் சொன்னனான்."

அன்று இரவு அவர் வீட்டு மின்சாரத்தை வெட்டினார்கள்.
அவள் நட்டபடியே இருந்தாள்.
நாற்பத்தோராவது தடியோடு
அவளையும் ஏற்றினார்கள்.
குழி மட்டும் கிடந்தது,
மழைத்தண்ணீர் நிரம்பி, சிவப்பாய்.

கார்த்திகை கடைசியில்
தடயச் சாமான் கொட்டிலைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள்.
திறப்பு இறுகியிருந்தது.
கூரைத் தகரம் ஒன்று எப்போதோ கழன்று
மூலை முழுக்க ஒழுக்கு.
அந்த மூலையில்தான் சாத்தியிருந்தோம்.

ஒன்று, ஏழு, பத்தொன்பது, முப்பத்திரண்டு,
என் கையெழுத்து அட்டைகளுக்குப் பக்கத்தில்
குட்டி இலைகள்.
சிலது சீமெந்து வெடிப்புக்குள்
வேரும் விட்டிருந்தது.
நாங்களே நெருக்கி நெருக்கி அடுக்கியதால்
அந்தப் பக்கச் சுவர் தெரியவில்லை.
அரச கட்டடத்துக்குள் ஒரு வேலி.

படிவத்தில் இரண்டு நிரல்:
உயிருள்ளவை, உயிரற்றவை.
காதுக்குள் குரல், விரைவுபடுத்து என்றது.
எனக்குப் பயம். இதை மறைக்கவில்லை.
மறைக்காத பழக்கத்தில் வளர்ந்தவன்.
உயிரற்றவை: நாற்பத்தொன்று, என்று எழுதினேன்.
நிச்சயமா, என்றது குரல்.
நிச்சயம்.

எழுதும்போது கொட்டிலில் இருந்தது நாற்பதுதான்.
மற்றது மழைக்கோட்டுக்குள்,
நெஞ்சோடு ஒட்டி, பிசின் கசிந்துகொண்டு.
மருதனார்மடச் சந்தியில்
சோதனைக்கு மறித்தார்கள்.
வரிசையில் நின்ற ஒரு பெண்
மூக்கை உறிஞ்சி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அவளுக்கு அந்த மணம் தெரிந்திருக்கவேண்டும்.

பிறகு முன்னால் திரும்பி
கைப்பையைத் தவறவிட்டாள்.
நாணயங்கள் வீதியெல்லாம் சிதறின.