புகை சாயும் பக்கம்

துணி காயப்போடும் முன்
எதேரி புகைபோக்கியைப் பார்ப்பாள்.
புகை மேற்கே சாய்ந்தால் வெள்ளைத் துணி.
கிழக்கே என்றால்
கறுப்பும் பழுப்பும் மட்டும்.
எதிர்மாடியில் என் கொடிக்கும் அதே சட்டம்.

மாங்கனீசு உருக்கும் உலை.
இந்த ஜார்ஜிய ஊரில் திராட்சை கழுவிய தண்ணீர்
மைக்கூடு கவிழ்ந்ததுபோல் ஓடும்.

போன குளிர்காலம் மின்கட்டணத் தகராறில்
உலையை அணைத்தார்கள்.
மூன்று மாதம்.
விழுந்த பனி வெள்ளையாகவே கிடந்தது.
அவள் மகன் நோதார், ஆறு வயது,
குச்சியால் தொட்டுப் பார்த்துக் கேட்டான்:
"இதுக்கு என்ன ஆச்சு?"

விரிப்புகள் கண் கூசும்படி ஆடின.
கீழே மளிகைக்கடை நோட்டில்
எங்கள் பெயர்களுக்கு எதிரே
எண்கள் அடுத்த பக்கத்துக்குப் போயின.
வாஜா நாள் முழுக்க ஜன்னலில் நின்றான்,
கைகள் காலிப் பைகளுக்குள்.
இருமல் குறைந்திருந்தது.
அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை,
அவனும்.

மார்ச்சில் ஒரு விடியல், சங்கு ஊதியது.
தூக்க உடையிலேயே ஊர் படியிறங்கியது.
யாரோ கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன். எதேரியும்.

பிறகு அவள் மாடியேறி
ஈரம் போகாத விரிப்புகளை
ஒவ்வொன்றாக
உள்ளே எடுத்துப் போனாள்.