நானூற்றுப் பன்னிரண்டாவது துளை

ஆகஸ்டில் ஹேசல் கொட்டை உதிரும்.
அதற்குள் ஜுக்திதியின் சல்லடைத் தகடெல்லாம்
எங்கள் மேசையில் துளைபட்டாக வேண்டும்:
பதினொரு மில்லிமீட்டர், பதின்மூன்று, பதினைந்து.
இதுதான் ஒப்பந்தம்.
மின்சாரம் அதில் கையெழுத்துப் போடவில்லை.
மலைமேல் அணை நிறையத் தண்ணீர்,
கம்பியில்தான் வறட்சி.

மூன்றாம் முறை அது போய் வந்தபோது
கருந்திரையில் ஒரு கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது.
மெமரி கார்டு செத்திருந்தது.
எழுதுகிற கையைப் பாதியில் பிடித்து இழுத்தால்
எழுத்து மட்டுமா கெடும், ஏடே கிழியும்.

"அப்படி என்னதான் எழுதிக்கொண்டே இருக்கிறது, சிட்சினோ?"
முர்த்தாஸ் கேட்டான்.
யாரும் படிக்காத நாட்குறிப்பு என்றேன்.
எப்போது விழித்தேன், விசிறி சுற்றுகிறதா,
கடிகாரம் சரியா, கடிகாரம் சரியா,
நிமிடத்துக்கு ஒரு தரம்.
அந்த வெட்டிப் பேச்சிலேயே தேய்கிறது கார்டு.

பேருந்து நிலையத்துக் கைபேசிக் கடையில்
ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுக்கு இன்னொன்று கிடைக்கும்,
அடுத்த இருட்டுவரை வரும்.
பென் டிரைவ்?
பிளாஸ்மா பற்றும் நொடியில், கூரைத் தகரம் வெளுக்கும் அந்த மின்னலில்,
பிடித்த கையை விட்டுவிடும் அது. போன மாதம் பார்த்தோமே.
அலமாரியில் கிடக்கும் பழைய ஹார்டு டிஸ்க்
தகடு விழும்போதெல்லாம் பல்லைக் கடிக்கும்.
நெட்வொர்க் வழியே பூட் செய் என்று
போத்தியிலிருந்து ஜம்புல் போனில் சொன்னான்.
ரவுட்டரும் அதே கம்பத்தில்தான் தொங்குகிறது என்றேன்.
பேச்சை மாற்றினான்.

கடைசியில் எஸ்எஸ்டி. விலை, அரை மூட்டைக் கொட்டை.
அதையும் பூட்டி வைத்தேன்:
படிக்கலாம், எழுத முடியாது.
எழுதுவதெல்லாம் ரேமில்.
பகல் முழுதும் நீர்மேல் எழுத்து,
நிறுத்தினால் குளம் தெளிந்துவிடும்.
பூட் வரிசையில் பென் டிரைவ் என்ற பெயரையே அடித்தேன்.
முர்த்தாஸின் மகள் செருகிவிட்டுப் போன கார்ட்டூன் படங்களுக்குள்
இயங்குதளத்தைத் தேடித் தேடி
ஒரு காலைப்பொழுது முழுக்க மேசை நின்றிருக்கிறது.

பதினான்கு நொடியில் எழுந்தது.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை முர்த்தாஸ் கத்தினான்.
வெட்டுத்தடம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று
முந்தின நாள் பூராவும் மாற்றி மாற்றிக் கண்டுபிடித்தது
காணோம்.
"என் ஒரு நாளைத் தின்றுவிட்டது உன் பெட்டி."
"கெடக்கூடாது என்றாய். கெடவில்லையே."
"கற்கக்கூடாது என்றா சொன்னேன்?"

அன்று மதியமே டிஸ்கின் ஓரத்தில்
சின்ன அறை ஒன்று ஒதுக்கினேன்,
அறுபத்து நான்கு எம்பி.
அங்கே மட்டும் எழுதலாம்.
யார் யார் குடியேறுவது என்று இரண்டு மணி நேரச் சண்டை.
டார்ச்சின் உயரம், சரி. வெட்டுத்தடம், சரி.
பிழைப் பதிவும் வேண்டும் என்றான்.
முடியாது என்றேன்.
"தப்பு நடந்தால் எப்படித் தெரியும்?"
"நீ கத்துவாய்."

இன்று பதினொன்றரைக்கு மறுபடி போயிற்று.
விசிறிகள் ஓய்ந்ததும்
மழை பெய்துகொண்டிருந்தது தெரிந்தது.
இருபது நிமிடம்.
பிறகு அந்தப் பதினான்கு நொடி.
இருட்டு ஒன்று நடந்ததே அறியாத முகத்தோடு
திரை எழுந்தது.
உயரம் இருந்தது. தடம் இருந்தது.
தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் தெரியவில்லை அதற்கு.
மெல்ல ஊர்ந்து
மூலையிலிருந்த சுவிட்சை முட்டி,
இதுதான் வீடு என்று நின்றது.

எந்தத் துளையில் விட்டோம்?
பெட்டிக்குத் தெரியாது. எனக்கும்.
முர்த்தாஸ் குனிந்து, சூடு ஆறாத தகட்டில்
பிறையாய் நின்றுபோன வெட்டின் பக்கத்தில்
சாக்பீஸால் எழுதினான்: 412.
கூரை ஒழுகி அதன்மேல் ஒரு சொட்டு.
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு
"சீக்கிரம்" என்றான்.