எழுபத்தொரு பொட்டு

போத்தல் பாதிதான் இருக்கிறதென்று
காலையிலேயே என்.சி. றோட்டுக்குச் சண்டைக்குப் போனேன்.
"சீல் உடைக்கேல்லை, புதுசு,
காத்துக்கும் சேத்தா காசு?"
ஹாட்வெயார் புவிராஜ் சிரிக்கவில்லை.
"அந்தக் காத்துதான் அக்கா அதைத் தண்ணியா வைச்சிருக்கு.
முட்ட நிரப்பினா உள்ளுக்கையே கல்லாப் போயிடும்.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில
மூச்சு முட்டுற இடத்திலதான் இறுகும்."

பாதிப் போத்தலை முழுக்காசுக்கு வாங்கிக்கொண்டு
உப்புவெளிக்குத் திரும்பினேன்.

ஆறு அட்டைப்பெட்டி, ஆறு சைக்கிள்.
ஒரு சில்லின் டிஸ்க்குக்கு ஆறு ஆணி.
எழுபத்திரண்டு.
போன சீசனில் நிலாவெளி வளைவில்
ஒரு ஜெர்மன்காரியின் முன்சில்லு பல்லை நறநறத்தது.
குனிந்து பார்த்தால் ஆறில் நாலுதான் மிச்சம்.
மற்ற இரண்டையும் தேடி
வெயில் தலைக்கேறும்வரை நானும் ஜெஸீலாவும்
தாரைப் பார்த்தபடி நடந்தோம்.
ஒரு சோடா மூடி கிடைத்தது.

அதனால் அவள் சிவப்புப் போத்தல் கேட்டாள்.
"ஒரேயடியா இறுகட்டும் புள்ள."
சிவப்பு, நெருப்புக் காட்டினால்தான் விடும்.
நீலம் அப்படியில்லை.
கிரவல் றோட்டு ஆயிரம் தரம் உலுக்கினாலும் அசையாது,
அலன்கீயோடு ஒரு கை வந்து
வேணுமென்றே இழுத்தால் விடும்.
எனக்கு இது போதும் என்றேன்.
"உனக்கு எப்பவும் கதவு திறந்து கிடக்கோணும்."
ஆணியைப் பற்றித்தான் சொன்னாளா தெரியாது.

ஸ்பிரிட்டில் துடைப்பேன். கடற்காற்று
துடைத்த இடத்தில் உடனே உப்பைப் பூசப் பார்க்கும்.
முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு
புரியில் ஒரு துளி.
திருகுவேன், பிறகு எதிர்ப்பக்கத்து ஆணி,
பிறகு மறுபடி இந்தப் பக்கம்.
முடிந்த ஒவ்வொரு தலையிலும் ஜெஸீலா
மகளின் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வைப்பாள்.
மினுக்கம் போட்ட ஊதா.

நாலாவது சைக்கிளில் வங்கியிலிருந்து அழைப்பு.
யார் பெயரில் கடன்,
யார் பெயரில் பலகை.
அவள் ஒன்று சொன்னாள். நான் இரண்டு சொன்னேன்.
அஞ்சாவதும் ஆறாவதும் பேச்சில்லாமல் நடந்தன:
துளி, திருகு, பொட்டு.
நல்ல சுத்தமான வேலை, உண்மையைச் சொன்னால்.

பொழுதுபட,
டவுணிலிருந்து வழிதவறிய மானொன்று வந்து
வெறும் பெட்டிகளைத் தின்னத் தொடங்கியது.
ஜெஸீலா டோர்ச் பிடித்து எண்ணினாள்.
எழுபத்தொன்று.
நான் எண்ணினேன். எழுபத்தொன்று.
மான் எங்களைப் பார்த்தது, மெல்லுவதை நிறுத்தவில்லை.

எல்லாவற்றையும் ஒருக்கால் திருகிப் பார்ப்பம்
என்று கையை நீட்டினேன்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
"இறுகிட்டுதாண்டு பாக்கப் போனா இறுகாது.
தொடாதே. கண்ணால தேடு."

நாலாவது சைக்கிள், பின்சில்லு,
கடன் என்ற சொல் விழுந்த இடத்தில்
பொட்டில்லாத ஒரு தலை.

"நீ துளி விடேல்லை."
"நீ பொட்டு வைக்கேல்லை."
கழட்டாமல் சொல்லமுடியாது.
அலன்கீயை நான் பிடிக்க,
சில்லை அவள் பிடித்தாள்.

டிக்கென்று மனமில்லாமல் விட்டது.
புரியெல்லாம் நீலம்,
அரைவாசி மாவாகி, அரைவாசி ஈரமாய்.

டோர்ச் கொஞ்சநேரம் மணலைப் பார்த்தது.
"அப்ப பிழை என்ர" என்றாள்.
நல்லாய் இறுகத் தொடங்கியதை உடைத்தது
என் கைதான் என்று நான் சொல்லவில்லை.
பழைய சீப்பால் புரியைச் சுரண்டித் தந்தாள்.
ஸ்பிரிட். துளி. திருகு.
இந்தமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் பெரிய பொட்டு.

இனி ஒரு முழுநாள் யாரும் தொடக்கூடாது.
நாளைக்கு வெள்ளி,
ஜும்மா முடியட்டும், வாறன் என்றாள்,
பலகையில எழுதுற பேரை அப்ப பாப்பம்.

விளக்கத்தாள் இருந்த பெட்டியை
மான் எப்போதோ முடித்திருந்தது.